பி.ஆப்டம்: எந்தக் கல்லூரியில் சேர்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், உறவுக்காரர்கள், கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள், அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று பலரும் என்னிடம் இதே கேள்விகளோடு வருகிறார்கள். நான் ஒரு கண் மருத்துவமனையில் ஆப்டோமெட்ரிஸ்ட். பல கல்லூரிகளிலிருந்து இன்டர்ன்ஷிப்புக்கு வரும் பிள்ளைகளோடு தினமும் வேலை செய்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து பி.ஆப்டம், அதாவது ஆப்டோமெட்ரி பட்டப்படிப்பில் சேர நினைப்பவர்களையும் அவர்களுடைய பெற்றோர்களையும் மனதில் வைத்து எழுதியது இது.

ஆப்டோமெட்ரி படித்தால் கண் டாக்டர் ஆகலாமா?

ஆக முடியாது. கண் டாக்டர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் கண் மருத்துவம் படித்தவர். ஆபரேஷன் அவருடைய வேலை. ஆப்டோமெட்ரிஸ்ட் பார்வையைச் சோதிப்பவர். கண்ணாடி பவர், கான்டாக்ட் லென்ஸ், மாறுகண், சோம்பேறிக் கண், கண்ணாடி போட்டும் பார்வை தேறாதவர்களுக்கான லோ விஷன் உதவி ஆகியவை அவர் கையில். கண் நீர் அழுத்தம், சர்க்கரையால் வரும் விழித்திரைக் கோளாறு போன்றவற்றின் அறிகுறியைப் பலரிடம் முதலில் கவனித்து டாக்டரிடம் அனுப்புவதும் அவர்தான்.

நீட்டில் இடம் கிடைக்காத ஏமாற்றத்தில் இதற்கு வருபவர்கள் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் நாலு வருஷமும் 'நான் டாக்டர் ஆகியிருக்க வேண்டியவன்' என்ற நினைப்போடு உட்கார்ந்திருந்தால் படிப்பு கசந்துவிடும்.

டிப்ளமோ போதுமா, டிகிரி வேண்டுமா?

டிப்ளமோ இரண்டு வருஷம். தமிழ்நாட்டில் பி.ஆப்டம் இன்டர்ன்ஷிப் ஒரு வருஷத்தையும் சேர்த்து நாலு வருஷம். வீட்டுச் சூழ்நிலையால் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்றால் டிப்ளமோவை நான் குறை சொல்ல மாட்டேன். பல ஆப்டிகல்ஸ் கடைகளும் சிறிய மருத்துவமனைகளும் டிப்ளமோ முடித்தவர்களை நம்பித்தான் ஓடுகின்றன.

ஆனால் 2021-இல் வந்த தேசிய துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். ஆப்டோமெட்ரி உட்பட இதுவரை தனிச் சட்டம் இல்லாதிருந்த பல துறைகளை அது ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் இரண்டு அடுக்காகப் பிரிக்கிறது. குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு முடித்தவர் ஒரு வகை. குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப்படிப்பு முடித்தவர் இன்னொரு வகை. பொறுப்பும் சுதந்திரமும் இரண்டாவது வகைக்குத்தான் அதிகம். தனியாகக் கிளினிக் வைக்க வேண்டும், மேலே படிக்க வேண்டும், வெளிநாடு போக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் டிகிரிதான்.

அரசு வேலை குறி என்றால் கதை கொஞ்சம் வேறு. கண் மருத்துவ உதவியாளர் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வெளியிட்ட பழைய அறிவிப்பைத் தேடி எடுத்து, எந்தப் படிப்பைத் தகுதியாகக் கேட்டிருக்கிறார்கள் என்று முதலில் படித்துவிடுங்கள். 'டிகிரி பெரிசு, அதனால் தானாகச் செல்லும்' என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

கண் மருத்துவமனை நடத்தும் கல்லூரியா, பெரிய பல்கலைக்கழக வளாகமா?

என்னைக் கேட்டால், பிள்ளையின் கைக்கு எத்தனை கண்கள் வரும், என்னென்ன மாதிரிக் கண்கள் வரும், பக்கத்தில் நின்று திருத்த ஆள் உண்டா என்பதுதான் முதல் கணக்கு. கட்டடம், ஏ.சி. வகுப்பறை, பல்கலைக்கழகத்தின் பெயர் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

காரணத்தைச் சொல்கிறேன். இந்தத் தொழிலில் கைப்பழக்கமாக வர வேண்டிய முதல் வேலை ரெட்டினாஸ்கோப்பி. இருட்டறையில் ஒரு கோடு போன்ற ஒளியைக் கண்மணிக்குள் விடுவோம். உள்ளிருந்து திரும்பும் வெளிச்சம் நம் கை அசைவோடு சேர்ந்து போகிறதா, எதிராகப் போகிறதா என்று பார்த்து, லென்ஸை மாற்றி மாற்றி அந்த அசைவை நிறுத்துவோம். எந்த லென்ஸில் நிற்கிறதோ அதிலிருந்து, நாம் உட்கார்ந்திருக்கும் தூரத்துக்கென்று ஓர் அளவைக் கழித்தால் பவர் தெரியும். நோயாளி வாய் திறக்கவே வேண்டாம். மூன்று வயதுக் குழந்தைக்கும், பேச்சு வராதவருக்கும் இப்படித்தான் பவர் கண்டுபிடிக்கிறோம்.

கடைகளில் 'கம்ப்யூட்டர் கண் பரிசோதனை' என்று போர்டு வைத்திருக்கிறார்களே, அந்த ஆட்டோரிஃப்ராக்டரும் சில நொடிகளில் ஓர் எண்ணைக் கொடுக்கும். குழந்தை கண்ணை இறுக்கிக் கிட்டத்தில் பார்த்தால் அந்த எண் தப்பு. புரை முற்றிய கண்ணில் சில சமயம் எண்ணே வராது. அங்கே ரெட்டினாஸ்கோப் பிடிக்கத் தெரிந்தவர்தான் வேண்டும். அந்தக் கைப்பழக்கம் புத்தகத்தில் வராது. ஆரம்பத்தில் பார்க்கும் கண்களில் எதுவுமே புரியாது, வெறும் சிவப்பு வெளிச்சம்தான் தெரியும். நூற்றுக்கணக்கில் பார்த்த பிறகு ஒரு நாள் சட்டென்று பிடிபடும்.

கண் மருத்துவமனையோடு சேர்ந்த கல்லூரியில் பெரும்பாலும் இரண்டாம் வருஷத்திலேயே பிள்ளைகள் ஓ.பி.க்குள் வந்துவிடுவார்கள். நோயாளி வரத்து இல்லாத வளாகத்தில் வகுப்புத் தோழர்களின் கண்களையே மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். எல்லாம் இருபது வயதுக் கண்கள். கிட்டப்பார்வை கொஞ்சம் இருக்கும். வெள்ளெழுத்து, புரை, மாறுகண், கருவிழி கூம்பிப்போன கெரட்டோகோனஸ் எதுவும் அந்த வகுப்பறைக்குள் வராது.

மருத்துவக் கல்லூரி உள்ள பல்கலைக்கழகம் என்றால் நடுவாந்தரம். நோயாளிகள் வருவார்கள். ஆனால் அதே நோயாளிகள் எம்.எஸ். படிக்கும் டாக்டர்களுக்கும் வேண்டும். கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் ஒன்று, அதைச் சுற்றி ஐந்து பேர் என்றால் பி.ஆப்டம் பிள்ளை எங்கே நிற்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். அங்கே ஆப்டோமெட்ரிக்கென்று தனிக் கிளினிக் நடக்கிறதா என்று கேளுங்கள். நடக்கிறதென்றால் நல்ல இடமாகவே இருக்கலாம்.

அப்படியானால் கூட்டம் அதிகம் உள்ள மருத்துவமனைதான் சிறந்ததா?

கூட்டம் மட்டும் போதாது. சில இடங்களில் மாணவர்கள் சம்பளம் இல்லாத ஊழியர்களாகிவிடுகிறார்கள். காலையிலிருந்து மாலை வரை எழுத்துப் பலகையைக் காட்டி விஷன் எடுப்பது, சொட்டு மருந்து விடுவது, ஃபைலைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக ஓடுவது. வருஷம் முடியும்போது ஆயிரக்கணக்கான பேரைப் பார்த்திருப்பார்கள். கான்டாக்ட் லென்ஸ் ஒன்றைத் தாங்களே அளவெடுத்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே சுழற்சி முறை எப்படி என்று கேட்க வேண்டும். பவர் எடுக்கும் ரிஃப்ராக்ஷன் தவிர கான்டாக்ட் லென்ஸ், லோ விஷன், இருகண் பார்வைக்கான பைனாகுலர் விஷன் கிளினிக், குழந்தைகள் பிரிவு, பக்கவாட்டுப் பார்வையைச் சோதிக்கும் ஃபீல்டு டெஸ்ட், விழித்திரையைப் படமெடுக்கும் ஓ.சி.டி. போன்ற பரிசோதனைகள், அப்புறம் ஃபிரேம் பொருத்தி லென்ஸ் வெட்டும் டிஸ்பென்சிங், ஒவ்வொன்றிலும் எத்தனை வாரம் என்று கேளுங்கள். டிஸ்பென்சிங்கைப் பல பிள்ளைகள் கேவலமாக நினைக்கிறார்கள். தூரம், கிட்டம் இரண்டுக்கும் சேர்த்து வரும் புரோகிரசிவ் லென்ஸ் போட்டவர் 'படி இறங்கும்போது தலை சுத்துது சார்' என்று திரும்பி வந்தால், பாதி நேரம் சிக்கல் பவரில் இருக்காது, ஃபிரேமில் எடுத்த அளவில்தான் இருக்கும்.

இன்னொன்று: மாணவர் எடுத்த பவரை யாராவது மறுபடி பார்க்கிறார்களா? பார்த்த நோயாளிகளைக் குறித்துவைக்கும் லாக்புக்கில் கையெழுத்துப் போடுபவர் நோயாளியைப் பார்த்துவிட்டுப் போடுகிறாரா, மாசக் கடைசியில் மொத்தமாகப் போடுகிறாரா? தப்பாக எடுத்த பவரை யாரும் திருத்தாமல் போனால், அந்தத் தப்பே பழக்கமாகிவிடும். கிராமத்து முகாம்களும் அப்படித்தான். முகாமுக்குப் போவது நல்லது, எண்ணிக்கை கூடும், மக்களிடம் பேசக் கூச்சம் போகும். ஆனால் பயிற்சி முழுக்க முகாம்தான் என்றால் மூக்குக் கண்ணாடியைத் தாண்டி எதுவும் பழக முடியாது.

கல்லூரியை நேரில் பார்க்கப் போகும்போது எதைக் கவனிப்பது?

அட்மிஷன் அலுவலகத்தில் காபி கொடுத்து ஒரு வண்ணப் புத்தகத்தை நீட்டுவார்கள். வாங்கிக்கொண்டு, லேபைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். வேலை நாளில், மதியத்துக்கு முன்னால் போவது நல்லது. ஓ.பி. உண்மையிலேயே நடக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

லேபில் ஒரு வகுப்புக்கு எத்தனை ரெட்டினாஸ்கோப், எத்தனை ட்ரயல் செட் (சோதனை லென்ஸ் பெட்டி), எத்தனை ஸ்லிட் லாம்ப் என்று எண்ணுங்கள். அறுபது பேருக்கு மூன்று ஸ்லிட் லாம்ப் என்றால் வரிசையில் நிற்பதுதான் படிப்பு. லோ விஷன் கருவிகள் வைத்த அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டு நாலு பேர் ஓடினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

ஆசிரியர்களில் எம்.ஆப்டம் முடித்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் இன்றும் நோயாளிகளைப் பார்க்கிறார்களா என்று விசாரியுங்கள். இயற்பியல் ஆசிரியர் ஆப்டிக்ஸ் எடுப்பது சரி. கான்டாக்ட் லென்ஸ் பாடத்தை அதைப் பொருத்திப் பழகியவர்தான் எடுக்க வேண்டும்.

கடைசியாக, கேன்டீனில் ஒரு மூன்றாம் வருஷத்துப் பிள்ளையைப் பிடித்து, 'ரெட்டினாஸ்கோப்பியில் அசைவு நின்ற பிறகு எவ்வளவு கழிப்பீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். சுமார் 67 செ.மீ. தூரத்தில் உட்கார்ந்து பார்த்தால் 1.50, அரை மீட்டரில் பார்த்தால் 2.00. யோசிக்காமல் வர வேண்டிய பதில். அந்தப் பிள்ளை 'எங்க தூரத்துக்கு இவ்வளவு' என்று தன் கையை நீட்டிக் காட்டினால், அந்தக் கல்லூரியில் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

அங்கீகாரம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பட்டம் தரும் பல்கலைக்கழகம், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) பட்டியலில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பல கல்லூரிகள் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. மற்றவை நிகர்நிலை, தனியார் பல்கலைக்கழகங்கள். தேசியத் தர மதிப்பீட்டு அமைப்பு கொடுக்கும் 'நாக்' கிரேடு என்பது பல்கலைக்கழகம் மொத்தத்துக்குமான மதிப்பெண். அதை வைத்து ஆப்டோமெட்ரி துறை நன்றாக இருக்கும் என்று முடிவு கட்ட முடியாது.

ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2025-இல் ஆப்டோமெட்ரி உட்படப் பத்துத் துறைகளுக்குப் புதிய பாடத்திட்டம் வெளியிட்டது. உங்கள் கல்லூரி அதற்கு மாறிவிட்டதா, எந்த வருஷ மாணவர்களிலிருந்து மாற்றுகிறது என்று கேளுங்கள். கேள்வி புரியாமல் விழித்தால் யோசிக்க வேண்டும்.

ஆப்டோமெட்ரி கவுன்சில் ஆஃப் இந்தியா என்ற அமைப்பும் உண்டு. துறையினர் தாங்களே நடத்துவது, பதிவு விருப்பத்தின் பேரில். அதில் இருப்பது நல்ல அடையாளம்தான், ஆனால் மேலே சொன்ன சட்டப்படியான ஆணையம் வேறு.

வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் படிக்கலாமா?

கூடாது. மேற்படி ஆணையத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து யு.ஜி.சி. தடை விதித்துவிட்டது. 'சனி, ஞாயிறு வந்தால் போதும், சர்ட்டிஃபிகேட் ரெகுலர் என்றே வரும்' என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பெயர் பெற்ற பள்ளிகள் எவை? அங்கே போனால்தான் மதிப்பா?

இந்தியாவில் இந்தப் படிப்பின் வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. டாக்டர் எஸ்.எஸ்.பத்ரிநாத் 1978-இல் தொடங்கிய சங்கர நேத்ராலயா, 1985-இல் எலீட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரியை ஆரம்பித்தது. நாலு வருஷப் பட்டப்படிப்பை இந்த நாட்டில் முதலில் கொண்டுவந்த இடம் அது. தொடக்கத்தில் பிலானியின் பிட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து பட்டம் கொடுத்தார்கள், பிறகு தஞ்சாவூர் சாஸ்த்ராவோடு சேர்ந்தார்கள். பட்டத்தாளில் பெயர் மாறினாலும் துறைக்குள் எல்லோரும் 'எலீட்' என்றுதான் சொல்கிறார்கள், கேட்கிறார்கள். பல்கலைக்கழகப் பெயரைவிடப் பயிற்சி தரும் இடம்தான் முக்கியம் என்று நான் சொல்வதற்கு இதுவே நல்ல சாட்சி.

ஹைதராபாத்தில் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையின் பள்ளி இன்னொன்று. முன்பு பாஷ் அண்ட் லாம்ப் பெயரில் இருந்தது, இப்போது ஆஸ்திரேலிய ஆப்டோமெட்ரி அறிஞர் பிரையன் ஹோல்டனின் பெயரில் இயங்குகிறது. கான்டாக்ட் லென்ஸ், ஆராய்ச்சி இரண்டிலும் ஆர்வம் உள்ள பிள்ளைக்கு அருமையான இடம். டெல்லி எய்ம்ஸிலும் டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண் மையத்தில் பி.ஆப்டோமெட்ரி உண்டு. கட்டணம் மிகக் குறைவு, ஆனால் எய்ம்ஸ் நடத்தும் நுழைவுத் தேர்வில் போட்டி கடுமை, இடங்களும் சொற்பம்.

இங்கெல்லாம் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் வாழ்க்கை முடிந்துவிடாது. அதிகம் பெயர் கேள்விப்படாத கல்லூரியிலிருந்து இன்டர்ன்ஷிப்புக்கு வந்து, பெரிய பள்ளிப் பிள்ளைகளைத் தூக்கிச் சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இறுதி வருஷத்தை வெளியே ஒரு பெரிய கண் மருத்துவமனையில் செய்ய அனுமதிக்கும் கல்லூரி என்றால் பாதிக் குறை தீர்ந்துவிடும். இந்த அனுமதி உண்டா, அதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்களா, ஸ்டைபண்ட் வருமா என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நீட் வேண்டுமா? அரசு கவுன்சலிங் உண்டா?

2025 சேர்க்கை வரை தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு துணை மருத்துவப் படிப்புகளுக்கான கவுன்சலிங்கை நடத்துகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தனியாகச் சேர்க்கிறார்கள். விதிகள் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது, அந்தந்த வருஷத்து விளக்கக் குறிப்பேட்டை முழுதாகப் படியுங்கள். பலர் செய்வது, தனியார் கல்லூரியில் அவசரமாகப் பெரிய தொகை கட்டிவிட்டு, கவுன்சலிங்கில் இடம் வந்ததும் ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டுக்காக அலைவது.

எனக்குக் கணக்கு வராது. சமாளிக்க முடியுமா?

முதல் இரண்டு வருஷம் ஜியோமெட்ரிக்கல் ஆப்டிக்ஸ், விஷுவல் ஆப்டிக்ஸ் என்ற ஒளியியல் பாடங்கள் பயமுறுத்தும். கூட்டல், கழித்தல், குறி மாறாமல் பார்த்துக்கொள்வது, கொஞ்சம் திரிகோணமிதி, அவ்வளவுதான். ப்ளஸ், மைனஸ் குறியில் கவனம் இல்லாதவர்தான் திணறுவார். சில கல்லூரிகள் உயிரியல் படித்தவர்களை மட்டும் சேர்க்கும், சில இடங்களில் கணிதப் பிரிவும் செல்லும்.

பெண் பிள்ளைக்கு ஏற்ற படிப்பா?

பெற்றோர் தவறாமல் கேட்பது. நான் பார்த்த வகுப்புகளில் பாதிக்கு மேல் பெண்கள்தான். ராத்திரி டூட்டி அபூர்வம். ஆண் பிள்ளைக்கும் அதே அளவு ஏற்ற படிப்புதான், அதை யாரும் கேட்பதில்லை.

படித்து முடித்தால் சம்பளம் எப்படி?

ஆரம்பத்தில் குறைவு. இதை மறைக்கிற கல்லூரியை நம்பாதீர்கள். பெரிய கண்ணாடிக் கடைத் தொடர்கள் பல ஊர்களில் மருத்துவமனையைவிட அதிகம் கொடுத்துத் தொடங்குகின்றன, கூடவே விற்பனை இலக்கும் வரும். மருத்துவமனையில் மெதுவாக ஏறும், ஆனால் கற்றுக்கொள்வது நிற்காது. 'நூறு சதவீத பிளேஸ்மென்ட்' என்ற பேனரைப் பார்த்தால், போன வருஷம் முடித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். நல்ல துறைத் தலைவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஊர் சொல்வார்.

வெளிநாடு போக ஆசை. எந்தக் கல்லூரி உதவும்?

நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் ஆப்டோமெட்ரிஸ்ட் ஆகத் தேவையான ஓ.டி. பட்டம் என்பது இளநிலைப் படிப்புக்கு மேல் நாலு வருஷம், நம் பி.ஆப்டமை வைத்து அங்கே நேரடியாகத் தொழில் செய்ய முடியாது. வளைகுடா நாடுகள் நம்மவர்களுக்குப் பழகிய வழி. சான்றிதழை டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் வழியாகச் சரிபார்ப்பார்கள், உரிமத்துக்குத் தேர்வு இருக்கும், முன் அனுபவமும் கேட்பார்கள். கல்லூரி அலுவலகம் சரிபார்ப்புக் கடிதத்துக்கு ஒழுங்காகப் பதில் போடுமா என்பது அப்போது பெரிய விஷயமாகிவிடும், முன்னாள் மாணவர்களிடம் கேட்டு வையுங்கள். மலேசியாவில் 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி மலேசிய ஆப்டிகல் கவுன்சிலும், சிங்கப்பூரில் அதற்கென்று ஒரு வாரியமும் பதிவு செய்கின்றன. எந்தப் பட்டங்களை ஏற்கிறார்கள் என்பதைக் கல்லூரி வாய்ச்சொல்லில் நம்பாமல் அவர்களிடமே கேளுங்கள்.

இரண்டு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று வீட்டுக்குப் பக்கம், கட்டணம் குறைவு. மற்றது தூரம், கட்டணம் இரண்டு மடங்கு. என்ன செய்வது?

பக்கத்துக் கல்லூரியில் ஓரளவு ஓ.பி. நடக்கிறது, நாலாம் வருஷம் வெளியே போக விடுவார்கள் என்றால் நான் பக்கத்தையே சொல்வேன். மிச்சமாகும் பணத்தில் எம்.ஆப்டம் படிக்கலாம். பக்கத்தில் இருப்பது வகுப்பறை மட்டும்தான் என்றால் கடன் வாங்கியாவது தூரத்துக்குப் போங்கள். கணக்குப் போடும்போது ஹாஸ்டல், பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டணம், கருவிகள் எல்லாவற்றையும் சேர்த்து நாலு வருஷத்துக்கும் போடுங்கள், முதல் வருஷத் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

சேர்ந்தவுடன் ரெட்டினாஸ்கோப் வாங்க வேண்டுமா?

முதல் வருஷம் வேண்டாம். கிளினிக் பாடம் தொடங்கும்போது பேராசிரியரே சொல்வார். ஹைனே, கீலர், வெல்ச் ஆலின் போன்றவை நல்லவை, விலையும் அதற்கேற்ப இருக்கும். படிப்பை முடித்துப் போகும் சீனியர்களிடம் பழையது கிடைக்கும். வாங்கும்போது பல்பும் பேட்டரி கைப்பிடியும் சரியாக இருக்கின்றனவா, ஒளிக்கோடு மங்காமல் முழு வட்டமும் சுழல்கிறதா என்று இருட்டில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.